காப்பிக்கலர் சட்டை

காப்பிக்கலர் சட்டை போட்ட ஆண்கள் கடலூர் மாவட்டத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று என் அண்ணன் காணாமல் போகும்வரை எனக்குத் தெரியாது. திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர், நல்லூரில் கரும்பு லோடு ஏற்றுகிற ஒருத்தர், நெய்வேலி ஆர்ச் கேட்டில் பழைய இரும்பு பொறுக்குகிற ஒருத்தர். போன் வரும். "போஸ்டர்ல போட்டிருக்கீங்களே, அந்த ஆளு இங்கதான் ஒக்காந்திருக்காருங்க. அதே சட்டைங்க." நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். போய்ப் பார்த்தால் சட்டை அதேதான் இருக்கும். உள்ளே வேறு யாராவது இருப்பார்கள்.

திட்டக்குடி மனிதர் என் மேல் கோபப்பட்டார். வெறுமனே பஸ்ஸுக்குக் காத்திருந்தவரை நான்கு பேர் சுற்றி நின்று பிடித்து வைத்திருக்கிறார்கள். "ஏம்மா, ஊர்ல ஒரு சட்டை போட வுட மாட்டீங்களா?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அன்றைக்கு நல்ல மழை. விருத்தாசலம் வந்து இறங்கும்போது செருப்பு அறுந்து போய்விட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாலக்கரையிலிருந்து வீடுவரை நடந்தேன். போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அண்ணன் பெயர் கொளஞ்சி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அம்மா, அண்ணன், நான். அவனுக்கு வாலிப வயதிலேயே மனசு தடுமாறிவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் யாரோடும் வம்புதும்புக்குப் போகாமல் வேலை செய்வான். ராஜாங்கம் என்பவருடைய பீங்கான் யூனிட்டில், பியூஸ் கட்டைகளைத் தட்டில் அடுக்கி சூளைக்கு ஏற்றும் வேலை. மாத்திரையை விட்டால், யாரோ வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விடுவான். இதற்கு முன்னாலும் போயிருக்கிறான். இரண்டொரு நாளில் ஜங்ஷன் பிளாட்பாரத்திலோ கோயில் வாசலிலோ கிடைத்துவிடுவான். இந்தத் தடவை கிடைக்கவில்லை.

அவன் போனது ஆயுத பூஜை அன்றைக்கு. ராஜாங்கம் முதலாளி வருஷா வருஷம் பூஜையின்போது வேலையாட்களுக்குச் சட்டை கொடுப்பார். கடைவீதியில் ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு வருவார். எல்லாம் ஒரே துணி, ஆளுக்கு ஒரு நிறம். இந்த வருஷம் அவர் சட்டையோடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பூஜை முடிந்து, யூனிட் வாசலிலேயே எல்லாரும் புதுச்சட்டையை மாற்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதலாளி தன் போனில் போட்டோ எடுத்தார். பிறகு பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அண்ணன் தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். வீட்டுக்குத்தான் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் வீட்டுக்கு வரவே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் என்ன சட்டை என்று கேட்டார்கள். நானும் அம்மாவும் அந்தச் சட்டையைப் பார்த்ததே இல்லை. போட்டோவைக் காட்டினேன். அதில் காப்பிக்கலர். யூனிட்டில் விசாரித்தேன். கூட நின்றவர்கள் எல்லாரும் காப்பிக்கலர் என்றார்கள். முதலாளியும் யோசித்துவிட்டு, "காப்பிக்கலர்தாம்மா, எங்கண்ணால பாத்தேன்" என்றார். போட்டோவும் சொல்கிறது, பார்த்தவர்களும் சொல்கிறார்கள். வேறென்ன வேண்டும்? அந்தப் போட்டோவிலிருந்து அண்ணனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி போஸ்டர் அடித்தோம். காணவில்லை. காப்பிக்கலர் சட்டை, வெள்ளை வேட்டி. கீழே என் போன் நம்பர்.

அம்மாவுக்குப் போஸ்டரில் நம்பிக்கை இல்லை. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்ட வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் தீராத குறை எதுவானாலும் மனு மாதிரி தாளில் எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், வயது, காணாமல் போன நாள் எல்லாம் சொன்னவள், சட்டை நிறத்தையும் எழுதச் சொன்னாள்.

"சாமிக்குக்கூடவா சட்டை கலரு சொல்லணும்?" என்றேன்.

"எழுதுடி. ஊரு பூரா கொளஞ்சிதான். அடையாளம் இல்லாம அது எந்தக் கொளஞ்சியன்னு தேடும்?" என்றாள்.

எழுதினேன். காப்பிக்கலர் என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

தீபாவளி வந்து போனது. நாங்கள் கொண்டாடவில்லை. நான் வேலை செய்வது வேறொரு யூனிட்டில். கப்பும் சின்னச்சின்ன பொம்மைகளும் செய்கிற இடம். சூளையிலிருந்து வருகிற சாமானை நிறம் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் வைப்பது என் வேலை. லீவு போட்டுப் போட்டு சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ராத்திரி படுத்தால் கால் விண்விண்ணென்று தெறிக்கும். முதலில் அண்ணன் கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். போகப் போக, எப்படியாவது இது ஒரு முடிவுக்கு வந்தால் சரி என்று வேண்ட ஆரம்பித்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். அலுத்துப் போனவளுக்கு அதையெல்லாம் பார்க்கத் தெம்பு இல்லை.

அப்படி ஒரு நாள், கப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சேத்தியாத்தோப்பிலிருந்து போன் வந்தது. பெண்குரல்.

"நான் பஸ் நிக்கிற எடத்துல டீக்கடை வச்சிருக்கங்க. எங்க கடை செவுத்துல உங்க போஸ்டரு ஒட்டியிருக்குது. அதுல இருக்கறவரு மாதிரியே ஒரு ஆளு நாலஞ்சு நாளா இங்க கெடக்குறாரு. தாடி மண்டிப் போச்சு. ஆனா சாடை இருக்குதுங்க."

"என்ன சட்டைங்க போட்டிருக்காரு?"

"பச்சைம்மா. நல்ல எலப்பச்சை. அதான் எனக்கும் சந்தேகமா இருக்குது."

"காப்பிக்கலர் இல்லீங்களா?"

"இல்லம்மா, பச்சைதான். கண்ணு முன்னாலதான ஒக்காந்திருக்குறாரு."

"அப்ப அவரு இல்லீங்க. எங்க அண்ணன் போட்டிருக்கறது காப்பிக்கலரு."

அந்த அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்குப் பஸ் ஏற வேண்டாம். உட்கார்ந்து மீதிக் கப்புகளைப் பிரித்தேன். சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் எழுந்துவிட்டேன். எங்கள் யூனிட்டில் லைட் வெளிச்சத்தில் நிறம் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மறுநாள் காலையில் ஒரு பெட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று நிறம் கிடக்கும். வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கதுரை வீட்டுக்கு வந்தார். அண்ணனோடு சூளையில் வேலை செய்கிறவர். அண்ணனுடைய டிபன் கேரியரும் துண்டும் யூனிட்டிலேயே கிடந்தன என்று எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தங்கதுரை வாசலிலேயே நின்றார். நல்ல வெயில். அவர் போட்டிருந்த நீலச்சட்டை புதுசாக இருந்தது.

"சட்டை புதுசாண்ணே?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"முதலாளி பூஜைக்குக் குடுத்ததும்மா. கொளஞ்சி கூட நின்னு போட்டோ புடிச்சமே, அந்தச் சட்டைதான்."

எனக்கு அந்தப் போட்டோ மனப்பாடம். அண்ணனுக்கு வலது பக்கம் நிற்பவர் தங்கதுரை. கறுப்புச் சட்டை. போனை எடுத்துக் காட்டினேன். "இது கறுப்பா இல்ல இருக்குது?"

அவர் சிரித்தார். "அதயேன் கேக்குற. அன்னிக்கு வாங்கிப் பாத்தப்ப கறுப்புதான். நல்ல நாளும் அதுவுமா கறுப்ப எடுத்துக் குடுக்குறாரேன்னு எனக்கு மனசே கேக்கல. மறுநா காலையில வூட்டு வாசல்ல பாக்கறன், நீலம். யூனிட்டு வாசல்ல எரியுற அந்த மஞ்ச லைட்டு பண்ண வேலைம்மா."

"இத ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?"

"சட்டை கலரு மாறிப்போச்சுன்னு யாருகிட்ட போயி சொல்றது? சிரிக்க மாட்டாங்க?"

"அப்ப எங்கண்ணன் சட்டை?"

"அது காப்பிக்கலருதானம்மா. நாந்தான் பாத்தனே" என்றார் அவர். சொல்லிவிட்டு, சொன்னதை அவரே ஒரு தடவை யோசித்துப் பார்த்தார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அவரை எந்த வாயால் திட்டுவது? கப்புக்கும் பொம்மைக்கும் வெயிலில் வைத்து நிறம் பார்க்கிறவள் நான். கூடப் பிறந்தவனுக்கு மட்டும் லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தங்கதுரையை அழைத்துக்கொண்டு ராஜாங்கம் யூனிட்டுக்குப் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள். அவள் கட்டியிருந்தது இலைப்பச்சைப் புடவை. நான்தான் அதைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வந்து பார் என்றேன்.

தெருவிலெல்லாம் வெள்ளை விளக்கு வந்துவிட்டது. முதலாளி யூனிட் வாசலில் மட்டும் இன்னும் பழைய சோடியம் விளக்கு. எரிகிறவரைக்கும் எரியட்டும் என்று விட்டிருக்கிறார். தங்கதுரை சுவிட்சைப் போட்டார். முதலில் மங்கலாக ரோஸ் நிறத்தில் எரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறியது. வானத்து வெளிச்சம் இருந்தவரைக்கும் புடவை பச்சையாகத்தான் இருந்தது. வானம் இருட்ட இருட்ட, பச்சை வடிந்துகொண்டே போனது. கடைசியில் அம்மா காப்பிக்கலர் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். தலைப்பைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போனில் போட்டோ எடுத்தேன். போன் தன் பங்குக்கு மஞ்சளைக் குறைத்து, அம்மாவின் நரைமுடியை வெள்ளையாகக் காட்டியது. தங்கதுரையின் வேட்டியும் வெள்ளை. வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமும் சரியாகத்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. ஆனால் அந்த விளக்கில் பச்சையே கிடையாது. இல்லாத பச்சையைப் போன் எங்கேயிருந்து கொண்டுவரும்? ஆயுத பூஜை போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் சட்டையும் அம்மா புடவையும் ஒரே நிறம்.

"பச்சைம்மா. நல்ல எலப்பச்சை." சேத்தியாத்தோப்பு அம்மாவின் குரல் காதிலேயே நின்றது. அவள் சொல்லச் சொல்ல நான் இல்லை இல்லை என்று சொன்னதும் கேட்டது.

அம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, சாமிக்கும் தப்பாவே எழுதிக் குடுத்துட்டமேடி. அது காப்பிக்கலரு காப்பிக்கலருன்னு எங்க போயி அலையுதோ!"

சிரிப்பு வந்தது எனக்கு. பாழாய்ப்போன சிரிப்பு, அழுகையோடு சேர்ந்து வந்தது.

அந்தச் சேத்தியாத்தோப்பு நம்பருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுநாள் விடிந்ததும் சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். கம்மாபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்து வந்தேன். இன்னும் அங்கேயே இருப்பானா? நான் இல்லை என்று சொன்ன பிறகு அந்த அம்மா அவனை விரட்டியிருந்தால்? அந்த ஊர் வெள்ளாற்றில் தண்ணீர் வேறு போகிறது. எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டே ஏறிய பஸ்தான். அன்றைக்கு மட்டும் அது ஊர்ந்து போன மாதிரி இருந்தது.

இறங்கும்போது மழை விட்டிருந்தது. டீக்கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. எதிரிலேயே இருந்தது. பக்கச் சுவரில் எங்கள் போஸ்டர். அதற்கு நேர் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். சட்டை அழுக்கேறி, ஒரு பொத்தான் போய், ஓரம் கிழிந்திருந்தது. ஆனால் பச்சை. யார் பார்த்தாலும் பச்சை என்று சொல்கிற பச்சை.

"அண்ணே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "வேலு, வா" என்றான், கடைக்குப் போய்த் திரும்பியவளைக் கூப்பிடுகிற மாதிரி. என் பெயர் வேல்விழி. வேலு என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சலாகக் கொதித்தது.

டீக்கடை அம்மா இரண்டு டீ கொண்டுவந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானா அது? நான்தாம்மா போன் பண்ணது. மழையில போனு நனைஞ்சு போச்சு, அதுக்கப்பறம் யாருகிட்டயும் பேச முடியல. இவருகிட்டயும் கேட்டுப் பாத்தன், இது நீதானய்யான்னு. அது நான் இல்ல, அவன் சட்டையப் பாரு, என் சட்டையப் பாருன்னு சாதிச்சாரு. சரி, வூட்டு ஆளுங்களையே கேப்பம்னு உங்களுக்குப் போட்டா, நீங்களும் அதையேதான் சொன்னீங்க. அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாதிரி சொல்லும்போது நான் என்னாம்மா பண்றது?"

அண்ணன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். பிறகு போஸ்டரைக் கைகாட்டி, ரகசியம் மாதிரி சொன்னான்.

"பாவம் வேலு, அந்தாளு. எங்க போனாலும் அவனத்தான் ஒட்டியிருக்காங்க. நெய்வேலியிலகூடப் பாத்தன். அவுங்க வூட்ல எல்லாரும் தேடுறாங்கபோல." ஒரு மடக்குக் குடித்தான். "என்னத்தான் யாரும் ஒட்டல."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

"அது நீதாண்ணே" என்றேன். "உன்னத்தான் தேடுறோம். யூனிட்டு வாசல்ல மஞ்ச லைட்டு எரியுமே, அந்த வெளிச்சத்துல ஒன் சட்டை அப்படித் தெரிஞ்சிருக்குது. பச்சை காப்பிக்கலராத் தெரிஞ்சிருச்சு. நாங்க எல்லாரும் தப்பா நெனச்சிட்டம்."

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். போஸ்டரை அண்ணாந்து பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சிரித்தான்.

"லைட்டுக்கு எங்கயாச்சும் சட்டை கலரு மாறுமா? சும்மா அழுவாத. நீ என்னப் பாக்கத்தான் வந்த, எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் எப்படிப் புரிய வைப்பது? அன்று ராத்திரி அவனையும் அந்த விளக்குக்குக் கீழே நிறுத்திக் காட்டலாம். அப்போதும் நம்புவானா தெரியாது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரு பொய்யை நம்பினோம். அவன் ஒருத்தன் கண்ணில் பட்டதை நம்புகிறான். எதைச் சொல்லி அவனை மறுப்பது?

விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. டீக்கடை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு அவனை எழுப்பினேன். எழுந்ததும், இனி இது எதற்கு என்று போஸ்டரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மழையில் ஊறியிருந்ததால் லேசாகக் கிழிந்து வந்தது. அண்ணன் சட்டென்று என் கையைப் பிடித்துத் தடுத்தான். காய்ச்சலிலும் அவன் பிடி இரும்பாக இருந்தது.

"கிழிக்காத வேலு. அந்தாளு இன்னும் கெடைக்கல."

கிழிந்த ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சுவரில் மறுபடியும் ஒட்டினான். ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துவிட்டு என்னோடு வந்து பஸ் ஏறினான்.